சிவப்புப் புள்ளிக்கு ஒரு பல் தள்ளி

மலேசியாவின் தெலுக் இந்தானில் ஒரு காரின் டைமிங் பெல்ட் மூடியைக் கழற்றினால், அதற்கு முன் அதைக் கழற்றியது யார் என்று கேட்க வேண்டியதில்லை. பல்சக்கரத்தில் வெள்ளைப் புள்ளி இருந்தால் சந்தைக்குப் பின்னால் பட்டறை வைத்திருக்கும் லோ. எழுத்துப் பிழையை மறைக்கிற வெள்ளை மையை அவர் டஜன் கணக்கில் வாங்கி வைத்திருப்பார். நீலம் என்றால் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கிற நடேசன். மஞ்சள் என்றால் ரொசாலி.

இன்ஜினின் மேல் சக்கரத்தையும் கீழ்ச் சக்கரத்தையும் சேர்த்துச் சுற்றுகிற அந்தப் பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன், மேல் சக்கரத்தில் ஒரு பல்லிலும், அதற்கு நேரே இன்ஜின் உடம்பிலும் ஆளுக்கொரு நிறத்தில் புள்ளி வைப்பது அவர்கள் வழக்கம். பெல்ட் போனதும் சக்கரம் தானாகக் கொஞ்சம் திரும்பிக்கொள்ளும். மறுபடி மாட்டும்போது புள்ளியும் புள்ளியும் நேருக்கு நேர் வந்தால் வேலை முடிந்தது. தொழிற்சாலையிலேயே வெட்டிவிட்ட கோடு ஒன்று இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எண்ணெய் அழுக்கில் மூழ்கிக் கிடக்கும். அதைத் தேடித் துடைத்துப் பார்க்க நல்ல முதுகு வேண்டும். அதனால் பெரும்பாலானவர்கள் புள்ளியை நம்பினார்கள். ரொசாலி மட்டும் குனிந்து கோட்டையும் பார்ப்பான். அது அவன் திறமை என்று சிலரும், வேலை இல்லாதவன் என்று சிலரும் சொன்னார்கள்.

ரொசாலிக்கு நாற்பத்தொன்பது வயது. பதினைந்து வயதில் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு, பதினான்கு வருஷம் லோவின் பட்டறையில் மண்ணெண்ணெயில் சாமான் கழுவி, பிறகு ஆற்றோரம் தகரக் கொட்டகை போட்டு உட்கார்ந்தவன். அவனுக்குப் பொய் சொல்ல வராது என்று ஊரில் பாராட்டுவார்கள். அவன் மனைவியாக மூன்று வருஷம் இருந்த ஹமிதா அதைப் பாராட்டவில்லை. பெருநாளுக்குப் புதுத் திரைச்சீலை தைத்து மாட்டிவிட்டு எப்படி இருக்கிறது என்று அவள் கேட்டபோது, இடதுபக்கத் துணி இரண்டு விரல் குட்டை என்றான். அளந்து பார்த்தார்கள். இரண்டு விரல் குட்டைதான். விருந்தாளிகள் ரெண்டாங் என்கிற இறைச்சிக் கறியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, போன வருஷம் இதைவிட நன்றாக இருந்தது என்றான். அதுவும் உண்மைதான். பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது ஹமிதா சொன்னாள்: "நீங்க சொன்னதுல ஒண்ணுகூடத் தப்பில்லை. அதான் போறேன்."

அதற்குப் பிறகு பன்னிரண்டு வருஷம் அவன் இன்ஜின்களோடு மட்டும் பேசினான். அவை எதையும் மனதில் வைத்துக்கொள்வதில்லை.

ஏப்ரல் மாதத்தில் சல்பியாவின் கார் இழுவை வண்டியில் வந்து சேர்ந்தது. சல்பியா ஒரு தொடக்கப்பள்ளியில் காண்டீன் நடத்துகிறவள். நாற்பத்தாறு வயது. கணவன் இத்ரிஸ் தீயணைப்பு வண்டி ஓட்டியவன், இறந்து ஆறு வருஷம் ஆகிறது. தாப்பா ஊரைத் தாண்டி மலை ஏறும்போது தண்ணீர்க் குழாய் வெடித்து, இன்ஜின் வெந்து, மேல்பகுதி வளைந்துபோயிருந்தது. முழுதாகக் கழற்றிச் செய்ய வேண்டிய வேலை. மூன்று வாரம் ஆகும் என்றான்.

"ஆகட்டும். பாத்துச் செய்யுங்க, மெக்கானிக். இந்த இன்ஜின்ல பாதி நான் சேத்தது," என்றாள் சல்பியா.

"நீங்களா?"

"ஏழு வருஷம் முன்ன எங்க வீட்டுக்காரர் கடைசியா பெல்ட் மாத்தினப்ப நான்தான் கூட நின்னேன். ஊர்ல யாரை வேணாலும் கேளுங்க. எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கேன்."

அந்த மூன்று வாரமும் காண்டீனை மூடிவிட்டு இரண்டு நாளுக்கு ஒரு தடவை வந்தாள். மீந்த மீ கோரிங் நூடுல்ஸ் கொண்டுவருவாள். ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து, இது என்ன, அது எதற்கு என்று கேட்பாள். பதிலைக் காது கொடுத்துக் கேட்பாள். அடுத்த முறை வரும்போது அதிலிருந்தே இன்னொரு கேள்வி கொண்டுவருவாள். வால்வு எதற்கு என்று ரொசாலியிடம் இதுவரை யாரும் இரண்டு தடவை கேட்டதில்லை. இரண்டாவது வாரம் அவன் சட்டையை மாற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தான். மூன்றாவது வாரம் அக்கா ஸலேஹாவிடம் போய் விஷயத்தைச் சொன்னான். ஆண் வீட்டுப் பெண்கள் போய்க் கேட்பதுதான் முறை.

ஸலேஹா போன் போட்டாள். சல்பியா, "முதல்ல கார் முடியட்டும். ஞாயித்துக்கிழமை வாங்க, பேசலாம்," என்றாள். பேசலாம் என்பது சரி என்பதல்ல, முடியாது என்பதுமல்ல. ஸலேஹா தம்பியை உட்காரவைத்தாள்.

"டேய், இன்னும் அஞ்சு நாள் இருக்கு. அதுவரைக்கும் வாயத் திறக்காத. அவ எதைக் கேட்டாலும் நல்லாயிருக்குன்னு சொல்லு."

"நல்லா இல்லைன்னா?"

"அப்பவும் நல்லாயிருக்கு."

"இன்ஜினப் பத்திக் கேட்டா?"

"இன்ஜினப் பத்தி எந்தப் பொம்பளடா கேப்பா?"

இவள் கேட்பாள். அதுதான் அவனுக்குக் கவலை. ஏனென்றால் கார் வந்த இரண்டாம் நாளே அவன் ஒன்றைப் பார்த்துவிட்டிருந்தான்.

மூடியைக் கழற்றியபோது உள்ளே சிவப்புப் புள்ளிகள் இருந்தன. சிவப்பு, ஊரில் எந்த மெக்கானிக்கின் நிறமும் இல்லை. மேல் சக்கரத்தின் சிவப்பும் இன்ஜின் உடம்பின் சிவப்பும் அழகாக நேருக்கு நேர் நின்றன. ரொசாலி வழக்கம்போலக் குனிந்து, துடைத்து, தொழிற்சாலைக் கோட்டைத் தேடினான். கீழ்ச் சக்கரம் கோட்டில் சரியாக நின்றது. மேல் சக்கரம் ஒரு பல் தள்ளி நின்றது.

ஒரு பல் என்பது கட்டைவிரல் நகத்தின் அகலம்கூட இல்லை. கார் ஓடும். தினமும் பத்து நிமிஷம் தாமதமாக வருகிற குமாஸ்தாவை வைத்து அலுவலகம் ஓடுவதுபோல ஓடும். ஏற்றத்தில் மூச்சு வாங்கும், பெட்ரோல் கூடக் குடிக்கும், ஏசியைப் போட்டால் முனகும். ஏழு வருஷமாக அது அப்படித்தான் ஓடியிருக்கிறது.

இதுவரை சாதாரணப் பிழை. அடுத்ததாக டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினான். பொறி எந்த நேரத்தில் விழ வேண்டும் என்று பிரித்துக் கொடுக்கிற குடுவை அது. முன்னும் பின்னும் திருப்பிச் சரிசெய்ய அதன் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற காதில் ஒரு நீளத் துளை உண்டு. அந்தத் துளையை யாரோ அரத்தால் அராவி இரண்டு மில்லிமீட்டர் நீட்டியிருந்தார்கள். வேலை சுத்தமாக இருந்தது. ஓரம்கூட மழுக்கிவிடப்பட்டிருந்தது. பெல்ட் ஒரு பல் தள்ளி இருப்பது தெரிந்து, அதைச் சரிசெய்யாமல், பொறியின் நேரத்தை இழுத்துப் பிடித்து ஈடுகட்டிய வேலை.

இத்ரிஸ் அரைகுறை ஆள் இல்லை. தீயணைப்பு வண்டியை அவன் கையால்தான் பழுதுபார்ப்பான் என்று ரொசாலிக்குத் தெரியும். அப்படிப்பட்டவன் ஒரு மணி நேரத்தில் பெல்ட்டைக் கழற்றிச் சரியாக மாட்டுவதை விட்டுவிட்டு, ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து இரும்பை ஏன் அராவ வேண்டும்? மூன்று வாரமாக யோசித்தும் ரொசாலிக்கு விடை கிடைக்கவில்லை. கிடைக்காத வரைக்கும் நல்லது என்று கூட ஒரு பக்கம் தோன்றியது. அவன் மணக்க நினைக்கிற பெண்ணின் கணவன் விட்டுப்போன பிழை அது. இறந்தவன் வேலையில் குறை சொல்லிக்கொண்டு பெண் கேட்கப் போன ஆள் தெலுக் இந்தானில் இதுவரை இல்லை.

வெள்ளிக்கிழமை காலை நடேசன் சக்கரம் இழுக்கும் கருவி கடன் கேட்டு வந்தான். இன்ஜினை எட்டிப் பார்த்தான்.

"என்ன லா இது, செவப்பு? ஊருக்குப் புது மெக்கானிக் வந்துட்டானா?"

"செத்துப்போனவர்."

"அப்ப மெதுவாப் பேசுவோம்." நடேசன் குனிந்து பார்த்தான். "ஒரு பல்லு போயிருக்கே."

"ஆமா."

"சத்தமில்லாம சரி பண்ணி, உன் மஞ்சளப் போட்டு, மூடியப் போட்டுரு. பொம்பளைங்க மூடியத் தொறந்தா பாப்பாங்க?"

"இவங்க பாப்பாங்க. இன்னைக்கு பெல்ட் மாட்டும்போது வர்றேன்னு சொல்லியிருக்காங்க."

நடேசன் தாடையைச் சொறிந்தான். "கேட்டா, சூட்டுல பெயிண்ட் நகந்துருச்சின்னு சொல்லு."

"பெயிண்ட் நகருமா?"

"உன்கிட்ட இதான் லா கஷ்டம். அந்தம்மாவுக்கு நகராதுன்னு தெரியுமா? தெரியாது. அப்ப நகரும்." கருவியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

தொழுகை முடிந்து வந்து ரொசாலி வேலையைத் தொடங்கினான். கீழ்ச் சக்கரத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். மேல் சக்கரத்தைக் கோட்டுக்குக் கொண்டுவந்தான். மேல் சக்கரத்துப் பல்லிலும் அதற்கு நேரே இன்ஜின் உடம்பிலும் மஞ்சள் வைத்தான். புது பெல்ட்டைப் போட்டு, இழுவிசை உருளையை அழுத்தவிட்டு இறுக்கினான். மூன்று மணிக்கு வருவதாகச் சொன்னவள் இரண்டரைக்கே வந்து நின்றாள். கையில் மரவள்ளிக்கிழங்குப் பலகாரம் வைத்த டப்பா.

"டார்ச்சக் குடுங்க, நான் புடிக்கிறேன்."

"கை அழுக்காயிரும்."

"தினம் இருநூறு முட்டை உடைக்கிற கை. குடுங்க."

இனி கையாலேயே இன்ஜினை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றி, கோடுகள் மறுபடி சேர்கின்றனவா என்று பார்க்க வேண்டும். ரொசாலி ஸ்பேனரை மாட்டி மெதுவாகச் சுற்றினான். ஒரு சுற்று. இரண்டாவது சுற்று. எதுவும் இடிக்கவில்லை. மஞ்சளும் மஞ்சளும் வந்து நேருக்கு நேர் நின்றன. டார்ச் வெளிச்சமும் அங்கே வந்து நின்றது.

"சிவப்பு சேரலையே, மெக்கானிக்."

ரொசாலி ஸ்பேனரைக் கழற்றித் துடைத்தான். துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"பெயிண்ட்டு..." என்றான்.

"பெயிண்ட்டா?"

"சூட்டுல பெயிண்ட்டு கொஞ்சம்..." இன்னும் ஒரே ஒரு சொல்தான் பாக்கி. அது தொண்டைவரை வந்து, அங்கே என்ன பார்த்ததோ, திரும்பிப் போய்விட்டது. "பெயிண்ட்டு நகராது," என்று முடித்தான்.

"நகராதுன்னுதான் நானும் நினைக்கிறேன். அப்புறம் எதுக்கு அதைச் சொன்னீங்க?"

"நடேசன் சொல்லச் சொன்னாரு."

சல்பியா அவனைப் பார்த்தாள். "எது தப்பு? மஞ்சளா, சிவப்பா?"

"சிவப்பு. ஒரு பல் தள்ளி." சொல்லிவிட்டு அவசரமாகத் தொடர்ந்தான்: "இத்ரிஸ் அண்ணன் கெட்டிக்காரர். அதுல சந்தேகமே இல்லை. இது யாருக்கும் வரும். லோவுக்கு வந்திருக்கு, எனக்கே ரெண்டு தடவை..."

"அவர் வைக்கல. நான் வச்சது."

ஆற்றில் ஒரு மோட்டார் படகு போனது. ரொசாலி ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

"அவருக்கு ரெண்டு கையும் கீழ மாட்டிக்கிட்டிருந்துச்சு," என்றாள் சல்பியா. "இன்ஜின் உடம்புல கோட்டு மேல ஒரு புள்ளி, அதுக்கு நேரா இருக்கிற பல்லுல ஒரு புள்ளி வைன்னாரு. பெயிண்ட் காஞ்சுபோயிருந்துச்சு. என் நெயில் பாலிஷ எடுத்துட்டு வந்து வச்சேன். தங்கச்சி கல்யாணத்துக்கு வாங்கினது. இப்படி இந்தப் பக்கம் நின்னுதான் வச்சேன்."

ரொசாலி அவள் காட்டிய இடத்தில் போய் நின்று பார்த்தான். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் கோட்டுக்கு நேராகத் தெரிந்தது பக்கத்துப் பல்தான்.

"இங்கேருந்து பாத்தா யாரும் அங்கதான் வைப்பாங்க," என்றான். அது ஆறுதலுக்காகச் சொன்னதல்ல, அப்படித்தான் தெரிந்தது. ஆனால் அதைச் சொல்லும்போதே, மூன்று வாரமாகக் கிடைக்காத விடை கிடைத்துவிட்டது. இத்ரிஸ் ஏன் அரத்தை எடுத்தான் என்று புரிந்துவிட்டது. பெல்ட்டைத் திருத்தியிருந்தால் சிவப்பும் சிவப்பும் சேராது, தான் வைத்த புள்ளி தப்பு என்று இவளுக்குத் தெரிந்துவிடும். புரிந்திருக்க வேண்டாம் என்று நினைத்தான்.

"அதனாலதான் ஏத்தத்துல இழுக்கலையா?"

"ஆமா."

"நான் கேப்பேன், பெல்ட் மாத்தினதுக்கு அப்புறம் ஏன் இப்படிப் போகுதுன்னு. இது பொறுமையான காரு, அவசரப்படுத்தாதேம்பாரு." டார்ச்சை அணைத்தாள். "அவருக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லலாம். யாரும் சரிபார்க்க முடியாத பொய். தெரிந்தவர்கள் இரண்டே பேர், அதில் ஒருவன் உயிரோடு இல்லை. அக்கா சொல்லியிருப்பாள், நடேசன் கூசாமல் சொல்லியிருப்பான். ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள்தான். தான் உண்மை சொல்வது நல்ல குணமா, இல்லை வாயை அடக்கத் தெரியாத ஊனமா என்று ஹமிதா போனதிலிருந்து அவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். இத்ரிஸ் மறைத்தது அன்பு என்றால், தான் சொல்வதற்கு என்ன பெயர்? தெரியாது என்று சொன்னால் இத்ரிஸ் தன் காரில் இருந்த பிழைகூடத் தெரியாத முட்டாளாகிறான். தெரியும் என்றால், பக்கத்தில் படுத்துக்கொண்டே மறைத்தவனாகிறான். இந்த இரண்டில் எதை ஒரு விதவையிடம் கொடுப்பது? இதை இன்னும் கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்றுதான் நினைத்தான். அதற்குள் கை அலமாரியிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டது.

"இந்தத் துளை இவ்வளவு நீளமா வராது," என்றான். "நேரம் தப்பினத இங்க திருப்பி ஈடுகட்டியிருக்காரு. திருப்ப இடம் பத்தல. அரத்தால ராவி இடம் பண்ணியிருக்காரு."

சல்பியா அதை வாங்கி, அராவிய ஓரத்தில் விரலை ஓட்டினாள்.

"இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?"

"ஒன்றரை மணி நேரம். நல்லா ராவியிருக்காரு."

"பெல்ட்டக் கழட்டிச் சரியா மாட்ட?"

"ஒரு மணி நேரம்."

அவள் டயர்மேல் உட்கார்ந்தாள். "கையில கொப்புளத்தோட வந்தாரு ஒரு நாள். ஸ்டேஷன்ல குழாய் இழுத்தேன்னாரு. நான்தான் மருந்து போட்டேன்." டிஸ்ட்ரிபியூட்டரை அவனிடம் திருப்பிக் கொடுத்தாள். பிறகு எழுந்தாள். "இப்ப சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"அப்ப மூடியப் போடுங்க. நாளைக்கு என் தம்பி வந்து காரை எடுத்துக்குவான்." சாலைவரை போய்த் திரும்பி நின்றாள். "ஞாயித்துக்கிழமை உங்க அக்காவ வர வேணாம்னு சொல்லுங்க."

ஸலேஹா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"பெயிண்ட் நகந்துச்சுன்னு சொல்லியிருக்கலாமேடா!"

"ஆரம்பிச்சேன்."

"முடிச்சிருக்கணும்! ஒரு பொய்ய ஒழுங்கா முடிக்கத் தெரியாதவனுக்கு எதுக்குடா ரெண்டாவது கல்யாணம்?"

ரொசாலி எழுந்து பட்டறைக்குப் போனான். ஒரு லாரியின் கிளச்சை மாற்றினான். ஒரு வாரம் போனது. அவள் போன் செய்யவில்லை. அவனும் செய்யவில்லை. செய்து என்ன சொல்வது? மன்னியுங்கள் என்றால் எதற்கு என்று கேட்பாள். அதற்கும் உண்மையைத்தான் சொல்ல வேண்டியிருக்கும்.

பத்தாவது நாள், பள்ளி விடுமுறை, காலை பதினொரு மணிக்கு அந்தக் கார் கொட்டகை வாசலில் வந்து நின்றது. சல்பியா இறங்கவில்லை. இன்ஜினையும் அணைக்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு வாரமா சண்டை."

"யாரோட?"

"அவரோடதான். வீட்ல படம் இருக்கு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன உருகியா போயிருப்பேன்னு கேட்டேன். ஊரெல்லாம் இன்ஜின்ல பாதி நான் சேத்தேன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே, பக்கத்துலயே நின்னு தலையாட்டினியே மனுஷான்னு கேட்டேன். பதில் இல்ல. இருந்தப்பவும் அப்படித்தான். நான் கத்த ஆரம்பிச்சா வெளிய போய் மோட்டார் சைக்கிளத் துடைப்பாரு." ஸ்டீரிங்கைத் தட்டினாள். "உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பாரோ?"

"சிரிச்சிருக்க மாட்டாரு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரொசாலி யோசித்தான். "தெரியாது."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்காகத்தான் சொல்லல. அது புரியுது. எனக்காக எதையாவது செய்யும்போது என்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்." பிறகு கேட்டாள்: "நான் எது கேட்டாலும் நீங்க மறைக்க மாட்டீங்க, இல்ல?"

"முயற்சி பண்ணுவேன். வராது."

"கூட இருக்கிறவங்களுக்குக் கஷ்டம்."

"ஹமிதாவும் அதான் சொன்னா."

"நான் தினம் நானூறு பசங்களுக்குச் சமைக்கிறவ. அதுங்க என் முகத்துக்கு நேரா சொல்லும், இன்னைக்கு உப்பு இல்ல, கோழி வேகல, நேத்து நல்லா இருந்துச்சுன்னு. மறுநாளும் அதுங்கதான் முதல்ல வந்து வரிசையில நிக்கும்." கியரைப் போட்டாள். "அக்காவ வர்ற ஞாயித்துக்கிழமை வரச் சொல்லுங்க. நாலு மணிக்கு. மூணு மணிக்கு வந்தா நான் தூங்கிட்டிருப்பேன், கதவு திறக்க மாட்டேன்."

"சரி."

"சரின்னு மட்டும் சொன்னா எப்படி?"

"நாலு மணிக்கு அக்கா வர மாட்டா. எங்க போனாலும் அரை மணி நேரம் லேட்டாத்தான் வருவா."

"அதையும் அவங்க வந்து சொல்லிக்கட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

கார் ஆற்றோரச் சாலையில் போய், பெட்ரோல் நிலையத்தைத் தாண்டி, சந்தியில் திரும்பியது. ரொசாலி வாசலிலேயே நின்று இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். குறை எதுவும் கேட்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் நின்று கேட்டுப் பார்த்தான்.